அரிப்புக்கு மீட்டர் உண்டா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். எக்சிமா நமக்கும் சின்ன வயசுலேர்ந்து பழக்கம்ங்கிறது ஒண்ணுதான் தகுதி. வைத்தியம் சொல்ற பதிவு இல்லை இது, வரலாறு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

எக்சிமா உள்ள குழந்தையை வச்சிருக்கிற பெற்றோர்கிட்ட பேசினா ரெண்டாவது நிமிஷம் ஒரு லேப் ரிப்போர்ட் வெளியே வரும். "ஐஜிஇ ஆயிரத்து எட்டுநூறு இருக்குங்க, நார்மலே நூறுதானாம்" என்பார்கள், ஏதோ சர்க்கரை அளவு மாதிரி. ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுத்து, குறைஞ்சிருந்தா சந்தோஷம், ஏறியிருந்தா அழுகை. சுகர்காரருக்கு ஒரு எண், பிரஷர்காரருக்கு ஒரு எண். அந்த மாதிரி நம்ம வியாதிக்கும் ஒரு எண் வேணும்னு எல்லாருக்கும் ஆசை. நியாயமான ஆசைதான். ஆனா ஐஜிஇ அந்த எண்தானா? அதுக்குப் பதில் சொல்லணும்னா நூறு வருஷம் பின்னாடி போகணும்.

(இந்தப் பதிவுல எக்சிமான்னு சொல்றது அட்டோபிக் டெர்மடைட்டிஸ் எனும் வகையை மட்டும். சோப்பு, சிமெண்ட் பட்டு வர்றதெல்லாம் வேற கேஸ்.)

1921. பிரெஸ்லாவ் நகரம். அப்போ ஜெர்மனி, இப்போ போலந்துல வ்ரோத்ஸ்வாஃப். அங்க கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர்னு ரெண்டு டாக்டர்கள். கூஸ்ட்னருக்கு மீன் சாப்பிட்டா ஒத்துக்காது. ஏன் ஒத்துக்கலைன்னு அவரோட ரத்தத்தை டெஸ்ட் டியூப்ல போட்டு என்னென்னவோ செஞ்சு பார்த்தாங்க, ஒண்ணும் சிக்கலை. கடைசியில கூஸ்ட்னரின் சீரத்தைக் கொஞ்சம் எடுத்து பிராஸ்னிட்ஸ் தன் வயித்துத் தோலுக்குள்ள ஏத்திக்கிட்டார். மறுநாள் அதே இடத்துல மீன் சாறை ஊசியில ஏத்தினாங்க. சிவந்து தடிச்சு வீங்கிடுச்சு. பிராஸ்னிட்ஸுக்கு மீன் அலர்ஜி கிடையாது. அப்போ ஏதோ ஒண்ணு அந்த சீரத்துல இருந்து இவர் தோலுக்கு மாறியிருக்கு!

ரத்தத்துல என்னமோ இருக்கு, ஆனா அதைக் கண்ணாடிக் குழாய்ல பிடிக்க முடியாது, மனுஷத் தோல்தான் அதைக் காட்டிக் கொடுக்கும். அப்புறம் ஏறக்குறைய 45 வருஷத்துக்கு இதே நிலைமைதான். அந்த "என்னமோ"வுக்கு ரீஏஜின்னு பேர் வச்சாங்க. அளக்கணுமா? யாராவது ஒரு நல்ல மனுஷன் சட்டையைத் தூக்கிக் காட்டணும். ஒருத்தர் சீரத்தை இன்னொருத்தருக்கு ஏத்துறது மஞ்சள் காமாலையையும் சேர்த்துப் பரிமாறும்னு பிற்பாடு தெரிஞ்சு இந்த டெஸ்ட்டையே கைவிட்டார்கள். பிராஸ்னிட்ஸ் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் இங்கிலாந்து போய், பிறகு வைட் தீவுல சாதாரண ஊர் டாக்டரா வைத்தியம் பார்த்திருக்கார். அலர்ஜி இயலின் அஸ்திவாரக் கல்லை நட்டவர், ஒரு சின்னத் தீவுல இருமலுக்கு மருந்து எழுதிக்கிட்டு இருந்தார்ங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச துணைக்கதை.

எக்சிமா இந்தக் கதைக்குள்ள நுழைஞ்சது பேர் வழியா. 1892லேயே பாரிஸ்ல பெஸ்னியே, அரிப்பும் ஆஸ்துமாவும் ஒரே குடும்பத்துல சுத்தி வருதுன்னு எழுதிட்டார். 1923ல அமெரிக்காவுல கோக்காவும் குக்கும் ஆஸ்துமா, மகரந்தச் சளிக்காய்ச்சல் ரெண்டுக்கும் பொதுவா "அட்டோப்பி"ன்னு ஒரு கிரேக்கச் சொல்லைக் கொண்டு வந்தாங்க. இடம் தவறியது, வினோதமானதுன்னு அர்த்தம். 1933ல வைஸ், சல்ஸ்பெர்கர் ரெண்டு பேரும் எக்சிமாவையும் அதுல சேர்த்து அட்டோபிக் டெர்மடைட்டிஸ்னு பெயர் சூட்டினாங்க. பெயர் வச்ச அன்னிக்கே ஒரு தீர்ப்பும் எழுதியாச்சு: இது அலர்ஜிக் குடும்பத்துப் பிள்ளை, ரத்தத்துல ரீஏஜினைத் தேடினா வியாதியைப் பிடிச்சிடலாம். இந்தத் தீர்ப்புலேர்ந்து வெளிய வர இன்னும் நாம கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கோம்.

ரீஏஜின் யார்னு கண்டுபிடிச்ச கதை இன்னும் சுவாரசியம். 1966ல அமெரிக்காவின் டென்வர்ல கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகாங்கிற ஜப்பானியத் தம்பதி. ராக்வீட்ங்கிற களைச்செடியின் மகரந்தம் ஒத்துக்காதவங்களோட சீரத்தைப் பிரிச்சுப் பிரிச்சு, எந்தப் பங்குல அந்தச் சக்தி இருக்குன்னு தங்கள் தோலிலேயே ஊசி போட்டுப் பார்த்தவங்க. தோலைச் சிவக்க வைக்கிற சமாச்சாரம் என்பதால எரித்தீமாவின் முதல் எழுத்தை வச்சு "காமா ஈ"ன்னு அழைத்தார்கள். அதே சமயம் ஸ்வீடன்ல உப்சாலா. அங்க யோஹான்சன், பென்னிக் ரெண்டு பேர் கையில ஒரு மைலோமா நோயாளியின் சீரம் கிடைச்சது. மைலோமான்னா எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். கட்டுமீறிப் பெருகின செல்கள் ஒரே வகை ஆன்டிபாடியை மூட்டை மூட்டையா தயாரிச்சுத் தள்ளும். இவரோட ஆன்டிபாடி அதுவரை தெரிஞ்ச எந்த வகையிலும் அடங்கலை. நோயாளியின் பெயர் எழுத்துகளை வச்சு ஐஜி என்டின்னு குறிச்சுக்கிட்டாங்க. 1967ல அந்தப் புரதத்தைக் கலந்து விட்டா பிராஸ்னிட்ஸ் கூஸ்ட்னர் டெஸ்ட் வேலை செய்யாமப் போகுதுன்னு நிரூபணம் ஆச்சு. டென்வர் சரக்கும் உப்சாலா சரக்கும் ஒண்ணேதான். 1968ல உலக சுகாதார நிறுவனம் கூட்டம் போட்டு "இனிமே இது ஐஜிஇ"ன்னு அறிவிச்சது.

ஏன் இவ்வளவு நாள் சிக்கலைங்கிறீங்களா? அளவைப் பாருங்க. ரத்தத்துல ஐஜிஜி ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் வாக்குல இருக்கும். ஐஜிஇயை எண்ணுறது நானோகிராம்ல. லேப் ரிப்போர்ட்ல வர்ற ஒரு யூனிட்ங்கிறது 2.4 நானோகிராம். அந்த "நார்மல் நூறு" கூட 240 நானோகிராம்தான், ஐஜிஜியைவிட 40,000 மடங்குக்கும் கம்மி. அந்த ஒரு நோயாளியோட உடம்பு இதை அள்ளிக் கொட்டலைன்னா, அளக்குறதுக்கான கருவியைத் தயாரிக்கவே மூலப்பொருள் கிடைச்சிருக்காது. அவர் உடம்புல கிடைச்ச புரதத்தை வச்சுத்தான் ஐஜிஇக்கு எதிரான ஆன்டிபாடி செஞ்சு, அதுல கதிரியக்க அயோடினை ஒட்டி, நானோகிராமை எண்ண ஆரம்பிச்சாங்க. 1967லேயே ராஸ்ட் டெஸ்ட் வந்தாச்சு. எந்தப் பொருளுக்கு எதிரான ஐஜிஇன்னு தனித்தனியா பார்க்குறது. 1974ல அது கிட்டா சந்தைக்கும் வந்தது. சட்டையைத் தூக்குற வேலை முடிஞ்சது.

உடனே எக்சிமாக்காரங்க ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தாங்க. 1969ல அதே உப்சாலா ஆட்கள் தோல் டாக்டர்களோட சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில பெரும்பாலானவங்களுக்கு ஐஜிஇ எகிறி இருந்தது, சிலருக்கு ஆயிரக்கணக்குல. யுரேகா! மீட்டர் கிடைச்சாச்சு!

கிடைக்கலை. அங்கதான் விஷயமே.

முதல் சிக்கல்: எக்சிமா உள்ளவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு ஐஜிஇ நார்மல். உடம்பெல்லாம் புண்ணா இருக்கும், ரிப்போர்ட் சுத்தமா இருக்கும். ரெண்டாவது சிக்கல்: எக்சிமாவே இல்லாதவங்களுக்கும் ஏறும். 1968லேயே யோஹான்சன் குழு எத்தியோப்பியக் குழந்தைகளோட ரத்தத்தைப் பார்த்தது. ஸ்வீடன் குழந்தைகளைவிடப் பல மடங்கு ஐஜிஇ, வயித்துல உருண்டைப்புழு உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். இந்த ஆன்டிபாடியோட பழைய உத்தியோகம் புழுவோட சண்டை போடுறதுதான்னு பலரும் நினைக்கிறாங்க. நம்ம ஊர்ல பூச்சி மருந்து கொடுத்து வருஷக்கணக்கான ஒரு பிள்ளைக்கு ஐஜிஇ 900 வந்தா அது தோலோட கதையா, குடலோட கதையான்னு அந்தக் காகிதம் சொல்லாது.

மூணாவது சிக்கல்தான் மெயின். ஐஜிஇ நகர மாட்டேங்குது. களிம்பு போட்டு ரெண்டு வாரத்துல தோல் பளிச்சுன்னு ஆயிடும், எண் அப்படியே கல்லு மாதிரி நிக்கும். ரத்தத்துல ஒரு ஐஜிஇ மூலக்கூறோட அரை ஆயுள் சுமார் 2 நாள்தான். ஆனா அதைத் தயாரிக்கிற செல்கள்ல ஒரு பகுதி நீண்ட நாள் உயிரோட இருந்து சளைக்காம ஊத்திக்கிட்டே இருக்கும். நம்ம பாஷையில சொன்னா ஐஜிஇங்கிறது கான்ஃபிக் ஃபைல் மாதிரி. இந்த உடம்பு எப்படி செட் பண்ணப்பட்டிருக்குன்னு ஓரளவு சொல்லும். சர்வர் இப்போ எவ்வளவு லோடுல இருக்குன்னு கான்ஃபிக் ஃபைலைப் பார்த்து யாராவது சொல்வோமா?

1980ல ஹனிஃபின், ராய்க்கா ரெண்டு பேரும் எக்சிமாவை அடையாளம் காண ஒரு பட்டியல் போட்டாங்க. இன்னிக்கும் டாக்டர்கள் மேற்கோள் காட்டுற பட்டியல். அதுல அரிப்பு முக்கிய அடையாளம், ஐஜிஇ துணை அடையாளம், அவ்வளவுதான். கதவுக்கு வெளியே திண்ணையில உக்கார வச்சுட்டாங்க. இன்னொரு சாட்சியும் உண்டு. ஐஜிஇயையே பிடிச்சுக் கட்டிப்போடுற ஒமலிசுமாப் மருந்து 2003ல அமெரிக்காவுல ஆஸ்துமாவுக்கு அனுமதி வாங்கினது. அதை வியன்னாவுல 20 எக்சிமா நோயாளிகளை வச்சுச் சோதிச்சு 2010ல முடிவை வெளியிட்டாங்க. ரத்தத்துல ஐஜிஇ இறங்கிடுச்சு, தோல் அதைக் கண்டுக்கவே இல்லை. (பின்னாடி லண்டன்ல கடுமையான எக்சிமா உள்ள குழந்தைகளுக்குக் கொடுத்தப்போ கொஞ்சம் பலன் தெரிஞ்சது, அதையும் சொல்லிடணும்.)

இதுல வரலாற்றைவிட்டு ஒரு நிமிஷம் வெளிய வர்றேன், கோவிச்சுக்காதீங்க. ராஸ்ட் மாதிரி டெஸ்டுல பால் பாசிட்டிவ், முட்டை பாசிட்டிவ், கோதுமை பாசிட்டிவ்னு ஒரு லிஸ்ட் வரும். பாசிட்டிவ்னா அந்தப் பொருளை உடம்பு அடையாளம் கண்டு வச்சிருக்குன்னு அர்த்தம். சாப்பிட்டா ஒத்துக்காதுன்னு கட்டாயம் இல்லை, எக்சிமா அதனாலதான்னு கட்டாயமே இல்லை. ஆனா லிஸ்ட் வந்த மறுநாள் அந்த வீட்டுல குழந்தையின் தட்டு காலி. நம்ம ஊர்ல ஏற்கெனவே கரப்பான் பண்டம்னு ஒரு லிஸ்ட் இருக்கு: கத்தரிக்காய், கருவாடுன்னு பாட்டிகள் ஆரம்பிச்சா நிக்காது. இப்போ லேப் லிஸ்டும் சேர்ந்துக்குது. வளர்ற பிள்ளைக்கு மிச்சம் இருக்கிறது ரசம் சாதம். 2015ல வந்த லீப் ஆய்வு இன்னும் ஒரு படி மேல. கடுமையான எக்சிமாவோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 கைக்குழந்தைகள்ல பாதிப் பேருக்கு வேர்க்கடலையை விலக்கி, பாதிப் பேருக்குச் சின்ன வயசுலேர்ந்தே கொடுத்து வளர்த்தாங்க. 5 வயசுல பார்த்தா, விலக்கி வச்ச பிள்ளைகளுக்குத்தான் கடலை அலர்ஜி பல மடங்கு அதிகம். பயந்து விலக்கினதே வினையாப் போச்சு. (நிஜமாவே சாப்பிட்ட உடனே வீங்குற, மூச்சு இழுக்கிற பிள்ளைகள் விஷயம் வேற. அது டாக்டர்கிட்ட போகவேண்டிய கேஸ், பதிவு படிச்சு முடிவெடுக்கிற கேஸ் இல்லை.)

சரி, பழையபடி கதைக்கு. ஐஜிஇ கைவிட்டதும் ஆராய்ச்சியாளர்கள் அடுத்த ஆளைத் தேடினாங்க. இயோசினோஃபில்ங்கிற வெள்ளணு, அது கக்குற ஈசிபி எனும் புரதம், எல்டிஹெச்... 1990கள்ல ஈசிபிக்கு நல்ல மவுசு. நோய் ஏறினா ஏறுது, இறங்கினா இறங்குது. ஆனா எடுத்த ரத்தத்தை மேஜை மேல எவ்வளவு நேரம் வச்சீங்க, ரூம் எவ்வளவு சூடுங்கிறதைப் பொறுத்து டியூபுக்குள்ளயே ஈசிபி கசிஞ்சு எண் மாறிடும். ஏசி போடாத லேப்ல வியாதி ஜாஸ்தியாத் தெரியும்னா என்ன பண்றது.

அந்தப் பக்கம் எண்ணே வேண்டாம், தோலையே பார்த்து மார்க் போடலாம்னு ஒரு கோஷ்டி. 1993ல ஐரோப்பாவுல ஸ்கோராட் வந்தது. எவ்வளவு பரப்பு, எவ்வளவு சிவப்பு, எவ்வளவு தடிப்பு, கூடவே அரிப்புக்கு 10, தூக்கம் கெட்டதுக்கு 10, மொத்தம் 103. நல்ல முறைதான். ஆனா ரெண்டு டாக்டர் பார்த்தா ரெண்டு மார்க் வரும், பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி.

உருப்படியான ரத்தக் குறியீடு ஜப்பான்லேர்ந்து வந்தது. 1996ல ஒசாகாவுல ஷியோனோகி மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்துல இமாய், யோஷியே குழுவினர் ஒரு சின்னப் புரதத்தைக் கண்டுபிடிச்சாங்க. பேர் டார்க். தைமஸ் சுரப்பியில முதல்ல கிடைச்சதால பேருலயே தைமஸ் உட்கார்ந்திருக்கு. அதுக்கும் எக்சிமாவுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அப்போ யாரும் தேடலை. டார்க் என்ன பண்ணும்? ஆள் கூப்பிடும். அலர்ஜி வகை டி செல்கள் ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கும்போது "இங்க வாங்க, இங்க வாங்க"ன்னு தோல் பக்கம் இழுக்குற சமிக்ஞை. 1999ல டோக்கியோ பல்கலைக்கழகத்துல, எக்சிமா மாதிரி தோல் நோய் தானாவே வர்ற ஒரு ரக எலியின் புண்ல டார்க் குவிஞ்சு கிடக்கிறதைப் பார்த்தாங்க. 2001ல அதே ஊர்ல ககினுமா, தமாகி முதலானோர் மனுஷ ரத்தத்துல அளந்தாங்க. எக்சிமா கடுமையா இருந்தவங்களுக்கு டார்க் அதிகம், ஸ்கோராட் மார்க்கோட ஒத்துப் போகுது, வைத்தியம் செஞ்சா இறங்குது. ஐஜிஇ மாதிரி கல்லா நிக்கலை. கான்ஃபிக் ஃபைல் இல்லை இது, நிஜமாவே லோடு காட்டுற மீட்டர்.

ஏன்னு யோசிச்சா எளிமை. ஐஜிஇயைத் தயாரிக்கிற செல்கள் எங்கேயோ உக்காந்திருக்கு. டார்க்கை உற்பத்தி பண்றதுல வீங்கின தோலுக்கே பெரிய பங்கு உண்டு. தீ எரியிற வீட்டுலேர்ந்து வர்ற புகையை அளக்குறோம்.

2008ல ஜப்பான் அரசு காப்பீட்டுல டார்க் டெஸ்டைச் சேர்த்தாங்க, மாசத்துக்கு ஒரு தடவை. பெரியவங்களுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 450 பிகோகிராமுக்குக் கீழே இருக்கணும். குழந்தைகளுக்கு வரம்பு வேற: 6 மாசத்துலேர்ந்து 1 வயசுக்குள்ள 1367, 2 வயசுக்குள்ள 998, அதுக்கு மேல 743. கைக்குழந்தைக்கு இயல்பாவே அதிகம்ங்கிறதால வயசு பார்க்காம படிச்சா வீண் பீதி.

ஏன் ஜப்பான் மட்டும் இதுல இவ்வளவு அக்கறை காட்டினதுன்னு தேடினப்போதான் எனக்கு இந்தக் கதை முழுசாப் புரிஞ்சது. 1990களின் தொடக்கத்துல அங்க ஸ்டீராய்டு களிம்புக்கு எதிரா டிவியிலும் பத்திரிகையிலும் பெரிய புயல். ஜனங்க களிம்பைத் தூக்கிப் போட்டாங்க. அந்த இடைவெளியில தண்ணி விக்கிறவன், சோப்பு விக்கிறவன், மூலிகை விக்கிறவன்னு எல்லாரும் கடை விரிச்சாங்க. "அட்டோப்பி பிசினஸ்"னே அதுக்குப் பேர். திடீர்னு களிம்பை நிறுத்தி வியாதி முத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க ஏராளம். 2000ல தோல் மருத்துவர்கள் சங்கம் வைத்திய நெறிமுறை வெளியிட வேண்டி வந்தது. இந்தச் சூழ்நிலையில ஒரு அம்மாகிட்ட "தோல் மேலுக்கு நல்லாயிடுச்சும்மா, ஆனா உள்ளே இன்னும் அடங்கலை, களிம்பை உடனே நிறுத்தாதீங்க, வாரத்துக்கு ரெண்டு நாளாவது போடுங்க"ன்னு டாக்டர் சொன்னா எடுபடுமா? எண்ணைக் காட்டினா எடுபட்டது. தோல் மழமழன்னு இருக்கு, டார்க் 1500. அடுத்த மாசம் 900. அப்புறம் 500, இப்போ களிம்பைக் குறைக்கலாம். நம்பிக்கை போன இடத்துல மீட்டர் வந்து உக்காந்தது.

2015ல நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சலிச்சு, எக்சிமாவின் கடுமையைக் காட்டுறதுல இருக்கிறதுலேயே நம்பகமானது டார்க்தான்னு முடிவு சொன்னது. ஆனா ஒத்துப்போகும் அளவு 0.6 வாக்குலதான். நம்ம ஆட்களுக்குத் தெரியும், 0.6ங்கிறது கூட்டத்துக்கு நல்லாப் பொருந்தும், தனி ஆளுக்குப் பல்லிளிக்கும். அதோட டார்க் எக்சிமாவுக்கு மட்டும் சொந்தமும் இல்லை. ஹாட்ஜ்கின் புற்றுநோய்ல அது வானத்துக்கு ஏறும், சில கடுமையான மருந்து அலர்ஜியிலும் ஏறும்.

2017ல அமெரிக்காவுல டுபிலுமாப் ஊசி அனுமதி வாங்கின பிறகு இன்னொரு வேடிக்கை. ஊசி போட்டதும் டார்க் மளமளன்னு சரியும். ஐஜிஇ மாசக்கணக்குல மெதுவா இறங்கும். பார்க்க அருமையான கிராஃப். ஆனா டார்க்கை உற்பத்தி செய்யச் சொல்ற அதே சமிக்ஞையைத்தான் இந்த மருந்து அறுக்குது. தீ அணைஞ்சதால புகை குறைஞ்சதா, புகைபோக்கியை அடைச்சதால குறைஞ்சதா? ரெண்டும் கலந்துதான்னு எனக்குத் தோணுது. மீட்டருக்குப் போற ஒயரையே தொடுற மருந்துக்கு அதே மீட்டரை வச்சு மார்க் போடுறது உறுத்துது.

எக்சிமா ஆய்வுகள்ல எதையெல்லாம் கட்டாயம் அளக்கணும்னு முடிவு பண்ண ஹோம்னு ஒரு சர்வதேசக் குழு இருக்கு. நோயாளிகளும் அதுல உண்டு. 2019 வாக்குல அவங்க பட்டியல் முழுசாச்சு: டாக்டர் கண்ணுக்குத் தெரியிற அறிகுறி, நோயாளி சொல்ற தொந்தரவு, வாழ்க்கைத் தரம், நீண்ட நாள் கட்டுப்பாடு. ரத்தப் பரிசோதனை ஒண்ணுகூட இல்லை. நோயாளி சொல்றதைப் பதிவு பண்ண அவங்க எடுத்துக்கிட்டது போயம்ங்கிற கேள்வித்தாள், 2004ல நாட்டிங்ஹாம் ஆட்கள் வெளியிட்டது. ஏழே கேள்வி, மொத்தம் 28 மார்க். போன வாரம் எத்தனை நாள் அரிச்சது, எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் கசிஞ்சது, நீர் வடிஞ்சது, வெடிச்சது, உதிர்ந்தது, வறண்டு கிடந்தது. அவ்வளவுதான். ஊசி இல்லை, பில் இல்லை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு எக்செல் ஷீட்ல போட்டு வச்சா கிராஃபும் வந்துடும், நமக்கு அதுதானே வேணும் :-)

டார்க் டெஸ்ட் டியூப்லயும் பிளேட்லெட் புகுந்து குட்டையைக் குழப்புற கதை ஒண்ணு இருக்கு, அது தனிப் பதிவு. அதுக்குள்ள உங்க ஊர் கரப்பான் பண்டம் லிஸ்ட்ல என்னென்ன இருக்குன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. கத்தரிக்காய் எல்லா ஊர்லயும் குற்றவாளியான்னு பார்க்கணும்.